பெங்களூரிலிருந்து பண்டிகைக்கு: எந்த வீடு, எத்தனை நாள்?

தலை தீபாவளி எங்கள் வீட்டில் முடிந்தது. இனி எல்லாத் தீபாவளியும் கரூரில்தான் என்கிறார் மாமியார். அம்மா திருநெல்வேலிக்குக் கூப்பிடுகிறார். — அல்சூர் வாசகி

தீபாவளி ஒரு வீட்டில், பொங்கல் இன்னொரு வீட்டில். மறு ஆண்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே பயணத்தில் இரண்டு ஊரையும் பார்ப்பதாக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலையில் கரூரில் எண்ணெய்க் குளியல், மதியம் பஸ் என்று ஓடினால், "வந்ததும் கிளம்பிட்டீங்களே" என்ற வருத்தம் இரண்டு வீட்டிலும் மிஞ்சும்.

ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கிறது. பண்டிகை டிக்கெட் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். அதனால் பேச்சை அதற்கும் இரண்டு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

யார் சொல்வது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கரூருக்கு உங்கள் கணவர் சொல்லட்டும், நெல்லைக்கு நீங்கள். "அவ அம்மா வீட்டுக்குப் போகணுமாம்" என்று அவர் சொன்னால் பழி உங்கள் தலையில் விழும். "தீபாவளிக்கு நெல்லை போறோம்மா. பொங்கலுக்கு அங்க வந்து மூணு நாள் இருப்போம்" என்று, வரும் நாளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கர்நாடகத்தில் சங்கராந்திக்கு ஒரு நாள்தான் விடுமுறை. மாட்டுப் பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் டிசம்பரிலேயே லீவு எழுதிக்கொடுங்கள். கொடுத்த வாக்கு லீவு கிடைக்காமல் தவறினால் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

ஊரில் என் மனைவி விடியற்காலை 4 மணிக்கே அடுப்படியில் நிற்கிறாள். நான் உள்ளே போனால் அம்மா "நீ போய் உக்காரு" என்கிறார். — விவேக் நகர் வாசகர்

"உதவட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். கேட்காமல் ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாள் மாவு ஆட்டுவது தோதான வேலை. 12 பேருக்கு ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். மதியம் ஊறவைத்து, மாலையில் முதலில் உளுந்தைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை மணி நேரம் ஆட்டுங்கள். பந்து போல் பொங்கி வர வேண்டும். ஐப்பசி மழைக் குளிரில் மாவு மெதுவாகத்தான் புளிக்கும், அதனால் இரவு 8 மணிக்குள் அரிசியையும் ஆட்டி, உளுந்தோடு சேர்த்து உப்புப் போட்டுக் கரைத்துவிடுங்கள். கிரைண்டரைக் கழுவுவதும் உங்கள் பொறுப்பே. குழவிக்கல் இடுக்கில் காய்ந்த மாவை அவள் சுரண்டினால், வேலை இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

கூடத்தில் எல்லார் முன்னும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்கிறார்கள். — ஜாலஹள்ளி வாசகி

யாருடைய சொந்தமோ அவரே பதில் சொல்ல வேண்டும். "இருந்தா நாங்களே சொல்றோம் அத்தை", அவ்வளவே. வயது, மருத்துவர், வேலை என்று ஒரு காரணம் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி வரும்.

இந்த முறை மாமனார் மாமியார் இங்கே வருகிறார்கள். பேரனோடு விடிகாலையில் வெடிக்க, பட்டாசு வாங்கி ரயிலில் கொண்டு வருகிறாராம் மாமா. — கே.ஆர். புரம் வாசகி

உங்கள் கணவரை இன்றே போன் செய்து தடுக்கச் சொல்லுங்கள். ரயிலில் பட்டாசு கொண்டு வருவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை வெடிக்க அனுமதி தருவார்கள். கர்நாடகத்தில் இரவு 8 முதல் 10 வரை, அதுவும் பசுமைப் பட்டாசு மட்டும். விடிகாலையில் பேரன் தலையில் எண்ணெய் வைப்பது தாத்தாவின் கையால் நடக்கட்டும். பட்டாசை இங்கேயே வாங்கி, இரவு 8 மணிக்கு இருவரையும் கீழே அனுப்புங்கள்.