5,000 ஆர்பிஎம் தாண்டினால் திணறல்: வால்வ் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

வணக்கம். படகு எஞ்சினில் பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட பிறகு 5,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5,000 சுற்று) தாண்டினால் எஞ்சின் திணறுகிறது, கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றியும் பலனில்லை என்று எழுதியிருந்தீர்கள். வால்வைத் திரும்ப மூடும் வால்வ் ஸ்பிரிங் மட்டும் பழையதே என்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். புது கேமுக்கு அது ஈடுகொடுக்காமல், வால்வ் நேரத்துக்கு மூடாமல் மிதக்கிறது.

கார் எஞ்சின் அந்த வேகத்தைச் சில விநாடிகள்தான் பார்க்கும். படகில் சுமையோடு வெகுநேரம் ஓடும்; அலையில் துள்ளி புரொப்பெல்லர் தண்ணீரைவிட்டு எழும்பினால் ஆர்பிஎம் சட்டென்று எகிறும். ஸ்பிரிங் சூடேறிச் சூடேறித் தளர்ந்துவிடும்.

எல்லா ஸ்பிரிங்கையும் டெஸ்டரில் வைத்து, பொருத்தும் உயரத்தில் (வால்வ் மூடியிருக்கும்போது ஸ்பிரிங் நிற்கும் உயரம்) அழுத்தத்தை அளந்து, கேமோடு வந்த விவர அட்டையான கேம் கார்டோடு ஒப்பிடுங்கள். 10 சதவீதம் குறைந்திருந்தாலே முழு செட்டையும் மாற்றிவிடுங்கள். புது ஸ்பிரிங்கில், முழு லிஃப்டிலும் (வால்வ் முழுதாகத் திறந்த நிலையிலும்) சுருள்கள் ஒன்றோடொன்று முட்ட 0.060 அங்குலமாவது பாக்கி இருக்கட்டும். கழற்றிய ஸ்பிரிங்கை நகத்தால் வருடிப் பாருங்கள். ஊசிமுனை அளவு துருக்குழி தட்டுப்பட்டாலும் திரும்பப் போடாதீர்கள்; விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், உடைந்தால் வால்வ் பிஸ்டனில் மோதும்.

ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) பதித்த தடம் வால்வ் முனையின் ஓரத்துக்குப் போயிருந்தால், ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராட்டின் நீளத்தையும் சரிபாருங்கள். அதுவரை, தயவுசெய்து 4,500க்கு மேல் ஓட்ட வேண்டாம். கேமின் லிஃப்ட் எவ்வளவு?