சேர்ஃப் மியூசிக்குக்கு என்ன ஆம்ப் எடுக்கலாம்? "பிளக்கை மாத்தினாச் சரி" எண்டு சொல்லுறவையை நம்பாதேங்கோ

அளம்பிலில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில ஸ்ராற்றோகாஸ்ரர் மாடல் கிற்றார் ஒண்டு இருக்காம், டிக் டேல், வென்சேர்ஸ் மாதிரி சேர்ஃப் மியூசிக் (1960களில அமெரிக்காவில பேர்போன கிற்றார் இசை) வாசிக்க ஆசையாம், கூட ட்ரம்ஸுக்கு ஒராள், பேஸுக்கு ஒராள். கலியாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட நிகழ்ச்சி எண்டு ஏறப்போகினம். கிளிநொச்சியில ஒரு புறோக்கர், கனடாவில இருந்து வந்த ஃபெண்டர் ட்வின் ரிவேர்ப் ஆம்ப் ஒண்டு கிடக்கு, பிளக்கை மட்டும் மாத்தினாச் சரி எண்டு சொல்லுறாராம். எடுக்கலாமோ, இல்லாட்டி வேற என்ன எடுக்கிறது எண்டு கேக்கிறார்.

தம்பி, எடுக்காதேங்கோ. ட்வின் ரிவேர்ப் கூடாத ஆம்ப் எண்டில்ல, சேர்ஃப் வாசிக்க அதைவிடத் திறமான சாமான் தேடிப் பிடிக்கிறது கஸ்ரம். ஆனா கனடா, அமெரிக்காவில விக்கிறது 120 வோல்றுக்குச் செய்தது, எங்கட கரண்ட் 230. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலத்திலதான் நான் இந்தத் தொழிலைப் பழகினனான், அளவுக்கு மிஞ்சிச் சுத்தினா ரேடியோ போயிடும் எண்டு அப்ப வன்னியில சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இப்ப வீட்டுக்கு வீடு கரண்ட் இருக்கு, அந்தக் கவனம் இல்லாமப் போச்சு.

இப்பிடி ஒண்டு என்ர மேசைக்கு வந்தது. வெளிநாட்டில இருக்கிற அண்ணன் ஆசையா அனுப்பின ஆம்ப், கீறல் கூட இல்லை. ஆரோ ஒராள் பிளக்கை வெட்டிப்போட்டு எங்கட 13 அம்பியர் பிளக்கைப் பூட்டிக் குடுத்திருக்கிறார். போட்ட உடன ஃபியூஸ் போயிருக்கு, அது தன்ர வேலையைச் சரியாத்தான் செய்திருக்கு. அதோட விட்டிருக்கலாம். அவர் சிகரெட் பெட்டிக்குள்ள இருக்கிற வெள்ளித்தாளை எடுத்து ஃபியூஸைச் சுத்தித் திருப்பிப் போட்டிருக்கிறார். நான் பின்பலகையைக் கழட்ட, எரிஞ்ச வார்னிஷ் மணம் மூக்கில அடிக்குது, ரான்ஸ்போமருக்குள்ள இருந்து மெழுகு மாதிரி கறுப்பா உருகி வழிஞ்சு அடித்தட்டில காய்ஞ்சு கிடக்கு, பெரிய கப்பாசிற்றர் ஒண்டு வயிறு ஊதி நிக்குது. பெடியன் பக்கத்தில நிண்டு "திருத்தலாமோ அண்ணை" எண்டு கேட்டது இப்பவும் காதுக்குள்ள நிக்குது. பிளக் பூட்டினவர் கூலியை வேண்டிக்கொண்டு போயிட்டார்.

"அப்ப வோல்ற்றைக் குறைக்கிற ஸ்ரெப் டவுன் பெட்டி போட்டு ஓடலாம்தானே" எண்டு புறோக்கர் அடுத்ததாச் சொல்லுவார். ஓடலாம், ஆனா அவர் தாற பெட்டியோட இல்லை. ட்வின் மாதிரி ஒரு ஆம்புக்கு 500 விஏக்குக் (ரான்ஸ்போமர் தாங்கிற அளவு, வாட்ஸ் மாதிரி) குறையாத, செப்புக் கம்பி சுத்தின உண்மையான ரான்ஸ்போமர் வேணும். வெளியில 1000 வாட்ஸ் எண்டு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், ரெண்டு விரலால தூக்கினா எழும்பும், அதெல்லாம் பொய். தலைமயிர் காயவைக்கிற மிசினுக்கு எண்டு விக்கிற சின்ன எலக்ரோனிக் கொன்வேட்டரைத் தொடவே வேண்டாம், ஆம்பைத் தின்னும். அதோட அங்க கரண்ட் செக்கனுக்கு 60 தரம் மாறும் (60 ஹேர்ட்ஸ்), இஞ்ச 50. வோல்ற்றைச் சரிப்படுத்தினாலும் 60க்கெண்டு சுத்தின ரான்ஸ்போமர் 50இல கூடச் சூடாகும், எங்கட வெக்கைக்க பந்தல்ல மூண்டு மணித்தியாலம் ஓடினா அதுக்கு எவ்வளவு நாள் ஆயுசு எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஒரே ஒரு இடத்தில மட்டும் விதிவிலக்கு இருக்கு, இதைக் கொஞ்சம் ஆறுதலா வாசியுங்கோ. வெளிநாட்டு விற்பனைக்கெண்டு செய்த சில பழைய ஆம்புகளில பின்பக்கம் வோல்ற்றேஜ் மாத்துற சுவிச் இருக்கும், 110, 120, 220, 240 எண்டு அடிச்சிருக்கும். அப்பிடி இருந்தா உள்ளுக்க இருக்கிற ரான்ஸ்போமரே நாலு வோல்ற்றுக்கும் சுத்தினது, இஞ்ச பாவிக்கலாம். ஆனா சுவிச் இருக்கு எண்ட உடன காசை எண்ணாதேங்கோ. சுவிச்சுக்குப் பின்னால வயர் உண்மையா ரான்ஸ்போமருக்குப் போகுதோ எண்டு தொழில் தெரிஞ்ச ஒராள் கழட்டிப் பார்க்கவேணும், ஏனெண்டால் ரான்ஸ்போமர் எரிஞ்சு வேற போட்டிருந்தா அந்தச் சுவிச் வெறும் அலங்காரம். (நீங்கள் கழட்டாதேங்கோ, ரியூப் எண்ட கண்ணாடி வால்வில ஓடுற ஆம்புக்குள்ள 400 வோல்றுக்கு மேல நிக்கும், பிளக்கைக் கழட்டின பிறகும் கப்பாசிற்றரில இருக்கும், உயிர் போகும்.) பிறகு சுவிச்சை 220இலயோ 240இலயோ வைச்ச பிறகு ஃபியூஸையும் மாத்தவேணும், வோல்ற் ரெண்டு மடங்கானா இழுக்கிற அம்பியர் அரைவாசி, அப்ப ஃபியூஸும் அரைவாசி. 120க்குப் போட்ட ஃபியூஸை அப்பிடியே விட்டா ஏதும் பிழைச்சா அது போகாது, ரான்ஸ்போமர்தான் போகும். சுவிச் இல்லாம, பின்பக்கத் தகட்டில 120 வோல்ற் 60 ஹேர்ட்ஸ் எண்டு மட்டும் இருந்தா உந்தக் கதையே வேண்டாம். உங்கட புறோக்கரிட்ட அந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ, என்ன சாட்டுச் சொல்லுறார் எண்டு பாருங்கோ.

எனக்குக் கோவம் புறோக்கரில மட்டும் இல்லை. வன்னியில இருக்கிற ஒரு பிள்ளை ஆம்பைத் தட்டி வாசிச்சுப் பார்த்து வேண்டுறதெண்டா கொழும்புக்கு பஸ் ஏறவேணும். வாறண்டி எண்டு ஒரு அட்டை தருவினம், பழுதாப்போனா நீங்கள்தான் 300 கிலோமீற்றருக்கு மேல திரும்பக் காவிக்கொண்டு போகவேணும். பழைய மின்சாமானை என்ன வோல்ற் எண்டு சொல்லாம விக்கிறவனை ஒருத்தரும் கேக்கிறதுமில்லை. இந்த இடைவெளிக்குள்ளதான் உவை பிழைக்கினம்.

சரி, சேர்ஃபுக்கு வருவம். இதுக்கு ஆம்பிட்ட கேக்கிறது ரெண்டே விசயம்: சத்தம் கூட்டினாலும் உடையாத துப்பரவான சவுண்ட், ஸ்பிரிங் ரிவேர்ப் (ஸ்பிரிங்குக்கால விட்டு எதிரொலி மாதிரி ஆக்கிற சத்தம்). கடையில "மெற்றலுக்கு நல்லம், டிஸ்ரோர்ஷன் அந்தமாதிரி" எண்டு சொன்னா அது உங்களுக்கில்லை. டிக் டேல் கலிபோர்னியாவில ரண்டேவூ எண்ட நடன மண்டபத்தில ஆயிரக்கணக்கான சனத்துக்கு வாசிச்சவர், ஸ்பீக்கர் கிழிஞ்சு கிழிஞ்சு போக, ஃபெண்டர் கொம்பனியைத் தொடங்கின லியோ ஃபெண்டர் அவருக்காக 15 இஞ்சி ஸ்பீக்கரோட ஷோமன் எண்ட பெலமான ஆம்பை உருவாக்கினார். அவ்வளவு வாட்ஸும் அந்தச் சனத்துக்கு. உங்கட மூண்டு பேருக்கு ரியூப் எண்டா 22 வாட்ஸ், ரியூப் இல்லாட்டி 50 வாட்ஸ் காணும். இன்னொண்டு தெரியுமோ, டிக் டேல் 1961இல வெளியிட்ட "லெட்ஸ் கோ ட்ரிப்பின்" பாட்டில ரிவேர்ப்பே இல்லை. அதே 1961இலதான் ஃபெண்டர் ரிவேர்ப்பைத் தனிப்பெட்டியா விட்டது, ஆம்புக்குள்ளயே வைச்சு வந்தது 1963இல. அதால ஆம்பையும் ரிவேர்ப்பையும் ஒண்டாத்தான் வேண்டவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை.

உங்கட இடத்தில நான் இருந்தா பொஸ் கட்டானா 50 எடுப்பன், 230 வோல்ற் மாடல். ரியூப் இல்லை, 12 இஞ்சி ஸ்பீக்கர், வீட்டில வாசிக்க அரை வாட்ஸுக்கும் குறைக்கலாம், அம்மா ஏசமாட்டா. கிளீன் சனலில வைச்சு, ரிவேர்ப் வகையை ஒருக்கா கொம்பியூட்டரில பூட்டி ஸ்பிரிங் எண்டு மாத்தி விடுங்கோ. கை எட்டாட்டி, கிளீனா ஓடுற எந்தப் பாவிச்ச 12 இஞ்சி ஆம்பும் ஒரு ஸ்பிரிங் ரிவேர்ப் பெடலும் காணும். ஃபெண்டர் எண்ட பேரைப் பார்த்து ஃப்ரொண்ட்மன் 10ஜியை மட்டும் எடுக்காதேங்கோ, 6 இஞ்சி ஸ்பீக்கர், ரிவேர்ப்பும் இல்லை, ட்ரம்ஸ் தொடங்கின உடன உங்களை ஒருத்தருக்கும் கேளாது. காசு இருக்கு, ரியூப்தான் வேணும் எண்டா டீலக்ஸ் ரிவேர்ப், 22 வாட்ஸ், அதுவும் 230 எண்டு தகட்டில இருந்தா மட்டும்.

ஸ்பிரிங் ரிவேர்ப் இருக்கு எண்டு விக்கிற பழைய ஆம்பை எப்பிடிச் சோதிக்கிறது? ஓன் பண்ணி ரிவேர்ப்பை 3இல வைச்சு, பெட்டியை மெல்லமா ஒரு தட்டுத் தட்டுங்கோ. அடியில ஒரு பைக்குள்ளயோ, தகரத் தட்டிலயோ ரெண்டு மூண்டு மெல்லிய ஸ்பிரிங் தொங்கிக்கொண்டு கிடக்கும், தட்டின உடன இடி முழங்கின மாதிரி "டொய்ங்ங்" எண்டு உறுமவேணும். ஒரு சத்தமும் வரேல்ல எண்டா ஸ்பிரிங் அறுந்திருக்கலாம், இல்லாட்டி கழட்டிப்போட்டு ஒரு சின்ன டிஜிற்றல் சேர்க்கிட் போர்ட்டை வைச்சிருக்கலாம். அளம்பில் கடற்காத்துக்கு அந்தக் கம்பியும் ஜாக்கும் கறள் பிடிக்கும், வாசிச்சு முடிய துணியால மூடி வையுங்கோ.

திருவிழாவில ஜெனரேற்றரில ஓடுறதெண்டா, சவுண்ட்ஸ்காரர் "பயப்பிடாதேங்கோ" எண்டு சொன்னாலும் முதல்ல மீற்றரைப் போட்டுப் பாருங்கோ, 216இல இருந்து 244க்குள்ள நிண்டா மட்டும் ஆம்பைப் பூட்டுங்கோ. பந்தல்ல எர்த் இல்லாட்டி கிற்றார்க் கம்பியில கை இருக்க மைக்கில உதடு பட்டா சுள்ளெண்டு இழுக்கும், சில வேளை விடாது. பாட முதல் மீற்றரை ஏசியில வைச்சு ஒரு முனையைக் கம்பியிலயும் மற்றதை மைக் வலையிலயும் பிடியுங்கோ, ரெண்டு மூண்டு வோல்றுக்கு மேல காட்டினா எர்த்தைச் சரி பண்ணும் மட்டும் மேடையில ஏறாதேங்கோ, ஆர் வந்து அவசரப்படுத்தினாலும்.