டான்சானியா எப்படி உடையாம நின்னுச்சு?

கேள்வி: டான்சானியால 120-க்கும் மேல இனக்குழுக்கள் இருக்காமே, ருவாண்டா மாதிரி அடிச்சுக்காம எப்படி தப்பிச்சாங்க?

பதில்: எந்த இனமும் மெஜாரிட்டி இல்லைங்கறது ஒரு அதிர்ஷ்டம், பெரிய கூட்டமான சுகுமாவே ஆறுல ஒரு பங்குதான் வருவாங்க. ஆனா அதிர்ஷ்டம் மட்டும் போதுமா, 1961-ல தங்கனீக்கா (இன்னைய டான்சானியாவோட பெருநிலப் பகுதி) சுதந்திரம் வாங்கினப்போ தலைமையில இருந்த ஜூலியஸ் நைரேரே (பழைய ஸ்கூல் வாத்தியார்) செஞ்ச வேலை கொஞ்சநஞ்சமில்ல, 1964-ல பக்கத்துத் தீவுகளான சான்சிபாரையும் இணைச்சு டான்சானியா ஆக்கினாரு, பிரைமரி ஸ்கூல்ல எல்லாருக்கும் பொது மொழியா சுவாஹிலின்னு ஆக்கினாரு, மேல்படிப்புக்கு பசங்களை வேற வேற மாகாணத்து ஹாஸ்டலுக்கு அனுப்பினாங்க, அங்க ஒரே ரூம்ல வேற இனத்துப் பையனோட படுத்து எழுந்தா பகை எங்க வளரும்?

பொருளாதாரத்துல மட்டும் மனுஷன் சொதப்பிட்டாரு. 1967 அருஷா பிரகடனம் (இனி சோஷலிசப் பாதைதான்னு அறிவிச்சது), பேங்க் எல்லாம் அரசுடைமை, அப்புறம் 70-கள்ல ஜனங்களை வலுக்கட்டாயமா கூட்டுக் கிராமத்துக்கு நகர்த்தினது, விவசாயம் படுத்துடுச்சு. என்ன, 1985-ல தானாவே பதவியை விட்டு இறங்கினாரு பாருங்க, அந்தக் காலத்து ஆப்பிரிக்கால அது ரொம்ப அபூர்வம். அதுக்கப்புறம்தான் மார்க்கெட்டைத் திறந்தாங்க, 1992-ல பல கட்சி முறை வந்துச்சு, ஆனா ஆளுங்கட்சி இன்னைக்கு வரைக்கும் மாறவே இல்ல.