உள்ளாட்சி அலுவலகங்களில் நன்றாக வேலை செய்வதை மதிக்கும் சூழலைக் கொண்டுவர முடியுமா?

முடியும். அதற்கு முதலில், மேலே இருப்பவர்கள் தினமும் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். சென்னைப் பக்கம் ஒரு உள்ளாட்சியில் உதவிப் பொறியாளராகப் பல வருடம் இருந்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மழைநீர் வடிகால் தூர்வாருவதையே எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் வந்துவிட்டால் மாலை ரிவ்யூவில் ஒரே கேள்விதான், இன்றைக்கு எத்தனை மீட்டர்? மீட்டர் கேட்டால் மீட்டர்தான் வரும். நேராகப் போகிற தெருவில் மூடியைத் தூக்கி மண்ணை அள்ளினால் கணக்கு மளமளவென்று ஏறும். ஆனால் தண்ணீர் அடைத்துக்கொள்வது தெருமுனையில், வடிகால் திரும்புகிற இடத்தில், குறுக்கே கேபிளும் குழாயும் போகிற இடத்தில். அங்கே நாள் முழுக்க மல்லுக்கட்டினாலும் நாலு மீட்டர் தேறாது, அதனால் அதை விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். அள்ளிய வண்டலும் ஓரத்திலேயே கிடக்கும், லாரி வருவதற்குள் ஒரு மழை அடித்தால் மறுபடியும் உள்ளே போய்விடும்.

ஒரு வருடம் புதிதாக வந்த மேலதிகாரி மீட்டரைக் கேட்பதையே நிறுத்திவிட்டார். போன மழையில் எங்கெங்கே தண்ணீர் நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது என்று பட்டியல் போடச் சொன்னார், அதில் எந்த இடம் சரியாகியிருக்கிறது என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் எங்கள் மேஸ்திரி வாயைத் திறந்தார். "சார், அந்த முனையில குழாயைத் தாழ்த்தாம எத்தனை தடவை வாரினாலும் தண்ணி நிக்கும்." பத்து வருடமாக அவருக்குத் தெரிந்த விஷயம், நான் உட்பட யாரும் கேட்டதில்லை. குழாய் வேறு துறையுடையது. எழுதி, நேரில் போய் நின்று, தாழ்த்தி முடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் காட்ட ஒரு மீட்டர்கூட இல்லை, ஆனால் அந்த மழைக்கு அங்கே தண்ணீர் நிற்கவில்லை.

இன்னொன்று, எல்லா வார்டுக்கும் ஒரே இலக்கு வைக்கக் கூடாது. 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருகி 200 வார்டானது. சதுப்பு நிலத்தை ஒட்டிய வேளச்சேரியையும் திட்டம் போட்டுக் கட்டிய அண்ணா நகரையும் ஒரே தராசில் நிறுத்தினால் எப்படி? ஒரு வார்டை அதன் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள்.

புகார் விஷயமும் இதேதான். சென்னை மாநகராட்சியில் புகார் சொல்ல 1913 என்ற தொலைபேசி எண்ணும் செயலியும் வந்தது பெரிய வசதி. ஆனால் எந்த ஊராக இருந்தாலும், முடித்த புகாரை எண்ணி மதிப்பெண் போட்டால் புகாரை மூடுவதே வேலையாகிவிடும். தெருவிளக்கு எரிகிறது என்று புகார் கொடுத்தவர் சொன்ன பிறகுதான் மூட வேண்டும். கீழேயிருந்து கேட்கிற ஆளும் வேண்டும். 2016 கடைசியிலிருந்து 2022 வரை சென்னையில் கவுன்சிலர்களே இல்லை, கேள்வி மேலிருந்து மட்டும்தான் வந்தது.

அப்புறம், நன்றாக வேலை செய்கிறவர் தலையிலேயே அடுத்தவர் வேலையையும் கட்டுகிறோம். இதை நிறுத்தாமல் எந்த விருது கொடுத்தும் பயனில்லை.

அந்த வருடக் கடைசி ரிவ்யூவுக்கு மேஸ்திரியையும் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, அடுத்த மழைக்கு எங்கே முதலில் திறக்கலாம் என்று கேட்டோம். ஏழு இடம் சொன்னார். எங்கள் பட்டியலில் இருந்தது நாலு.