சின்ன நாய், சின்னத் தொண்டை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் பொதுவாக, அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது கையில் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடிய நாய். அதன் தீனியைப் பற்றி வந்த கடிதங்களை இவ்வாரம் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் சிவாவா 3 கிலோ எடை. மாமியார் தினமும் தம் தட்டிலிருந்து ஒரு பிடி சாம்பார் சாதம் பிசைந்து வைக்கிறார். ‘ஊரில் நாய்க்கு இதைத்தானே போட்டோம்’ என்கிறார். நாய்க்கென்று தனியாகத் தீனி வாங்குவது வீண் செலவா? — வாசகி, தெம்பனிஸ்

பதில்: வீண் செலவு அன்று. உங்கள் மாமியாரின் அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரில் அவர் சோறு போட்ட நாய் பதினைந்து கிலோவாவது இருந்திருக்கும். அது தாங்கியதை உங்கள் சிவாவாவின் உடல் தாங்காது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைப்பவை, வேகவைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால் இரத்தத்தில் பாதிப்பு தெரியத் தொடங்கும். உங்கள் நாய்க்கு அது 45 கிராம், அதாவது ஐந்தாறு சின்ன வெங்காயம். தினமும் சிறிது சிறிதாகக் கொடுத்தாலும் கேடு சேர்ந்துகொண்டே போகும். ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து, சிறுநீர் நிறம் மாறுவதற்குச் சில நாள்கள் ஆகும் என்பதால், யாரும் அதைச் சாம்பாரோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை.

புளியும் வேண்டாம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் புளியில் மிகுதியாக இருக்கிறது. ரசமும் புளிக்குழம்பும் ஒரு கரண்டிகூட வைக்காதீர்கள்.

உப்பும் தாளிப்பும் சேரும் முன்பே எடுத்துவைத்த வெறும் சோறு, எலும்பு நீக்கி வேகவைத்த கோழி, மென்மையாக வெந்த கேரட், பூசணி ஆகியவற்றில் சிறிதளவு தரலாம். நாளொன்றுக்கான உணவில் பத்தில் ஒரு பங்கை அது தாண்டக்கூடாது. 3 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி போதும் என்பதால், ஒரே ஒரு இட்டலி அந்தப் பங்கைத் தாண்டிவிடும். மாமியாருக்குத் தம் கையால் ஊட்டும் மகிழ்ச்சி வேண்டுமென்றால், நாய்க்கு அளந்து வைத்த தீனியிலிருந்தே ஒரு பிடியை அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: தயிர்சாதத்தில் போட்டிருந்த பச்சைத் திராட்சையில் ஒன்றை நாய் விழுங்கிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது. காத்திருந்து பார்க்கலாமா? — வாசகர், ஈசூன்

பதில்: கூடாது. இதைப் படித்ததும் விலங்கு மருத்துவரை அழையுங்கள்.

கேள்வி: இணையக் கடையொன்றில் ‘எல்லா இனங்களுக்கும் ஏற்றது, முழுமையாகச் செரிக்கும்’ என்ற விளம்பரத்தை நம்பி, 38 வெள்ளிக்குப் பல்துலக்கும் மெல்குச்சி வாங்கினேன். எங்கள் யார்க்‌ஷயர் டெரியர் கடித்த துண்டு தொண்டையில் சிக்கி நாக்கு நீலமாகிவிட்டது. நல்லவேளையாக வெளியே எடுத்தோம். உறையைப் பிரித்துவிட்டதால் பணம் தர முடியாது என்கிறார்கள். — வாசகி, பொங்கோல்

பதில்: உங்கள் நாய் பிழைத்தது எனக்குப் பெரிய ஆறுதல். இதில் உங்கள் மேல் தவறே இல்லை. எழுதியிருந்ததைப் படித்தீர்கள், அதை நம்பினீர்கள். எழுதியது உண்மையாக இல்லை.

எனக்கும் இது நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஷிட்சு நாய் மணிக்கு, முடிச்சுப் போட்ட மாட்டுத்தோல் எலும்பொன்றை 12 வெள்ளிக்கு வாங்கினேன். ‘இயற்கையானது’ என்று உறையில் பெரிய எழுத்தில் இருந்தது. எச்சிலில் ஊறிக் குழைந்த முடிச்சை மணி முழுதாக விழுங்க, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டது. நள்ளிரவில் மயக்க மருந்து கொடுத்து, குழாய்க் கருவியை உள்ளே செலுத்தித்தான் அதை எடுத்தார்கள். ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவானது. மணி ஒரு வாரம் கஞ்சி போன்ற உணவையே உண்டான். அன்றிலிருந்து நாய்த் தீனி உறைகளைப் படித்து வருகிறேன். என் கோபமும் குறையவில்லை. 40 கிலோ லாப்ரடாரும் 2 கிலோ யார்க்‌ஷயரும் ஒரே குச்சியை மெல்லலாம் என்று எழுதுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. ‘இயற்கை’ என்பதும் ‘மனிதர் உண்ணும் தரம்’ என்பதும் பொருள் எதனால் ஆனது என்பதைப் பற்றிய பேச்சு. அது தொண்டையில் அடைக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. எத்தனை கிலோ நாய்க்கு இந்த அளவு, பக்கத்தில் ஆள் இருக்க வேண்டுமா, எந்த அளவுக்குத் தேய்ந்ததும் பிடுங்கிவிட வேண்டும் என்ற மூன்றும் உறையில் இல்லையென்றால், அந்தப் பொருளை வாங்காதீர்கள். நகத்தால் அழுத்தினால் சிறிதும் பதியாத அளவுக்குக் கடினமானது பல்லையே உடைத்துவிடும், அதையும் தவிர்த்துவிடுங்கள்.

இனி உங்கள் பணம். உறையைப் பிரிக்காமல் அதன் குறையை யாராலும் அறிய முடியாது. ஆகவே விற்பவர் சொல்லும் காரணம் நிற்காது. விளம்பரப் பக்கத்தின் படம், ரசீது, மிச்சமிருக்கும் குச்சிகள், மருத்துவரிடம் காட்டியிருந்தால் அவருடைய குறிப்பு ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, முதலில் எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் செல்லுங்கள். அதிலும் முடியாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் கொண்டு செல்லலாம். 5,000 வெள்ளிக்கு உட்பட்டதென்றால் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: சலுகை விலையில் ஆறு புட்டி வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினேன். நேற்று நாய்க்கு ஒரு கரண்டி கொடுத்தேன், வாந்தி எடுத்தது. அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருப்பதாக மகள் இப்போதுதான் படித்துக் காட்டினாள். பேரங்காடியிடம் பணம் திரும்பக் கேட்கலாமா? — வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: கேட்க முடியாது. அது மனிதருக்காகச் செய்த பொருள், உள்ளே இருப்பதை உறையிலும் எழுதியிருக்கிறார்கள். ஆறு புட்டிகளைச் சுமந்து வந்த நீங்கள் ஒன்றையாவது திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். நாய் வாந்தி எடுத்த பிறகும் உங்கள் கேள்வி பணத்தைப் பற்றி இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினைத் திடீரெனச் சுரக்கச் செய்து, அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையை இறக்கிவிடக்கூடியது. கிலோவுக்கு 0.1 கிராமே அதற்குப் போதும். அளவு கூடினால் கல்லீரல் பாதிக்கப்படும், அது வெளியே தெரிய ஓரிரு நாள்கள் ஆகலாம். நாய் இப்போது ஓடி விளையாடினாலும் இன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.

மற்றவர்களுக்கு: உறையில் 967 என்ற எண்ணோ ‘பிர்ச் சர்க்கரை’ என்ற பெயரோ இருந்தாலும் அது சைலிட்டால்தான். இங்கே 1992 முதல் சூயிங்கம் விற்பனைக்குத் தடை இருந்தாலும், பல்நலத்துக்கான சர்க்கரையில்லாக் கம் 2004 முதல் மருந்தகங்களில் கிடைக்கிறது. அந்த வகையில் இது சேர்ந்திருப்பது வழக்கம். கைப்பையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: மாம்பழம், ரம்புத்தான் தரலாமா? — வாசகி, செங்காங்

பதில்: சதையைச் சிறிதாக நறுக்கித் தரலாம். கொட்டையை ஒருபோதும் தராதீர்கள். குப்பைக்கூடையையும் மூடி வையுங்கள்.

கேள்வி: தொண்டையில் சிக்கியதை உறிஞ்சி எடுக்கும் கருவி 60 வெள்ளிக்கு வருகிறது. எங்கள் பொமரேனியன் அடிக்கடி மூக்கால் ‘கர்கர்’ என்று இழுக்கிறது. வாங்கி வைக்கலாமா? — வாசகர், தோ பாயோ

பதில்: வேண்டாம். அந்தக் கருவியில் உள்ள முகமூடி மனித முகத்துக்காக ஆனது, நாயின் நீண்ட மூக்கில் காற்றுப் புகாமல் பொருந்துவது கடினம். நீங்கள் சொல்லும் ‘கர்கர்’ ஒலி பெரும்பாலும் தலைகீழ்த் தும்மலாக இருக்கும். சிறிய நாய்களுக்கு இது வழக்கம், தானே அடங்கிவிடும். அடிக்கடி வந்தாலோ வாத்து கத்துவது போன்ற இருமல் வந்தாலோ மூச்சுக்குழாயைச் சோதிக்கச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்புப் பட்டை மாட்டுங்கள்.

உண்மையில் அடைத்துக்கொண்ட நாய்க்கு ஒலி வராது. வாயைக் காலால் பிறாண்டும், நாக்கு நீலமாகும். வாயைத் திறந்து, பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டால் அது இன்னும் உள்ளே போகும். எடுக்க முடியாவிட்டால் பின்தொடைகளைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, தோள்களுக்கு நடுவில் உள்ளங்கையால் தட்டுங்கள். பயனில்லையென்றால் நாயின் முதுகை உங்கள் வயிற்றோடு அணைத்து, விலா எலும்பு முடியுமிடத்துக்குக் கீழே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஐந்து முறை அழுத்துங்கள். சிறிய உடல் என்பதால் இரண்டு விரல் வலுவே போதும். பொருள் வெளியே வந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, இதையெல்லாம் உங்கள் நாயை வைத்தே செய்துகாட்டும்படி அவரிடம் கேளுங்கள். இரவில் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனையின் எண்ணையும் வாங்கிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.