கோத்தகிரி அம்மாவுக்கு, மகளின் மாடலிங் ஆசை பற்றி

அம்மா, அன்றைக்குக் கூட்டம் முடிந்து எல்லோரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிய பிறகும் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். மகள் பிளஸ் டூ, மாடலிங்தான் என்று பிடிவாதம். கோவையில் ஓர் ஏஜென்சி போட்டோ ஆல்பத்துக்கு 60,000 ரூபாய் கேட்கிறது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத நேரம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கறுப்பா வேற இருக்கா சார்" என்றீர்கள். மழை பிடித்துக்கொண்டதால் பாதிதான் பேச முடிந்தது.

முதலில் பணம். கட்டாதீர்கள். நல்ல ஏஜென்சி வேலை பிடித்துக் கொடுத்து, வரும் சம்பளத்தில் கமிஷன் எடுத்துக்கொள்ளும். சேரும்போதே பணம் வாங்குகிறவருக்கு உங்கள் பணம்தான் வருமானம். உங்கள் மகளுக்கு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு நஷ்டமில்லை. ஆரம்பத்துக்கு வீட்டு மொபைலே போதும். மேக்கப் இல்லாமல், முடியைப் பின்னால் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் வெற்றுச் சுவர் முன்னால் நிற்க வைத்து, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்துக்கு ஒன்று எடுங்கள்.

நிறத்தைப் பற்றிச் சொன்னது எனக்கு மனதில் தைத்தது. அதனால் உலகப் புகழ்பெற்ற மாடலான இமான் என்ற பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். 1955இல் சோமாலியாவில் பிறந்தவர். 1975இல் நைரோபி பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தபோது, பீட்டர் பியர்ட் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தெருவில் பார்த்துப் படம் எடுக்கக் கேட்டார். இமான் என்ன கேட்டார் தெரியுமா? என் படிப்புக் கட்டணத்தைக் கொடுங்கள் என்றார்! பணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள்.

அடுத்த ஆண்டே வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையில் வந்தார். அங்கே மேக்கப் போடுகிறவரிடம் அவர் நிறத்துக்கு ஏற்ற ஃபவுண்டேஷன், அதாவது முகத்தில் முதலில் பூசும் பூச்சு, இல்லை. சொந்தமாகக் கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டார்களாம். அப்புறம் அவரே பல நிறங்களைக் கலந்து தனக்கானதைத் தயாரித்துக்கொண்டார். 1989இல் மாடலிங்கை விட்டார். 1994இல் கறுப்பு, மாநிறப் பெண்களுக்கென்றே சொந்த அழகுசாதன நிறுவனம் தொடங்கினார். எந்த நிறம் தடை என்றார்களோ, அதிலிருந்துதான் அவருடைய இரண்டாவது தொழில் வந்தது. நம் ஊர் விளம்பரங்களில் வெள்ளை நிறத்துக்கு இன்னும் மவுசு இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் குறையை மகள் உங்கள் வாயிலிருந்து கேட்க வேண்டாம், அம்மா.

இன்னொன்றும் உண்டு. இமானைக் காட்டில் ஆடு மேய்த்த பெண் என்று அமெரிக்காவில் கதை கட்டினார்கள். அவரோ தூதர் வீட்டுப் பெண், ஐந்து மொழி பேசுகிறவர். நம் மலையிலும் இது நடக்கும். தேயிலைத் தோட்டத்தில் கூடையைக் கொடுத்து நிற்க வைத்து, "மலைவாசிப் பெண்" என்று எழுதிப் படத்தை விற்றுவிடுவார்கள். படம் எங்கே, எதற்கு, எத்தனை நாள் பயன்படும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மகளுக்கு இன்னும் 18 ஆகவில்லை என்றீர்கள். அந்த வயதில் அவள் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. படப்பிடிப்பு எங்கே நடந்தாலும் நீங்களோ வீட்டில் பெரியவர் ஒருவரோ கூடப் போங்கள்.

மகளின் உயரம் 5 அடி 3 அங்குலம் என்றீர்கள். மேடையில் நடந்து உடைகளைக் காட்டும் ராம்ப் ஷோவில் பெண்களுக்குப் பொதுவாக 5 அடி 8க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள், அது கஷ்டம். ஜவுளிக்கடை விளம்பரம், திருப்பூர் உடைகளுக்கான கேட்டலாக் படங்கள் போன்றவற்றில் அந்த அளவு கறார் இல்லை.

படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். துணிமேல்தான் ஆசை என்றால் சென்னை தரமணியில் நிஃப்ட் என்ற மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரி இருக்கிறது. நான்கு வருட டிசைன் பட்டத்துக்கு பிளஸ் டூவில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் நுழைவுத்தேர்வு எழுதலாம். கட்டணம் அதிகம், உதவித்தொகை பற்றி முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். அது வேண்டாம் என்றால் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியில் ஒரு பட்டம் படிக்கட்டும். விடுமுறையில் மாடலிங் வாய்ப்புத் தேடட்டும்.

அடுத்த மாதம் கோத்தகிரி வருவேன். அந்த ஏஜென்சி கொடுத்த பேப்பரை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டி வாருங்கள். அதுவரை கையெழுத்து மட்டும் போட வேண்டாம்.