சீலிங்குக்கு மேலே ஓடும் வயரும் சித்திரை வெயிலும்

கேள்வி: கோண்டாவிலில் எங்கள் வீடு சீற் கூரை. சீலிங்குக்கு மேலே பைப்பில் 7/0.67 வயர் இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போட்டிருக்கிறது. அதில் ஒரு ஏசியும் சில பிளக்குகளும். அதே பைப்பில் இன்னொரு லைனும் போகிறது. இதே வயரில் இரண்டாவது ஏசியையும் கொடுக்கலாமா? 24 ஆம்பியர் தாங்கும் என்கிறார் வயறிங் செய்தவர். ஆனால் சில மதியங்களில் எம்.சி.பி. விழுகிறது.

பதில்: கொடுக்க வேண்டாம். இப்போது இருப்பதே அந்த வயருக்கு அதிகம்.

அவர் சொன்ன 24 பிழையில்லை. 7/0.67 என்றால் செம்பின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீற்றர். அந்த வயர் பைப்பில் தனி லைனாக, 30 பாகைக் காற்றில் ஓடினால் 24 ஆம்பியர் தாங்கும். உங்கள் சீலிங்குக்கு மேலே 30 பாகை விடியப்புறத்தில்தான் இருக்கும். சித்திரை மாத மதியத்தில், சீற்றுக்கு அடியில் 50 பாகை வருவது சாதாரணம்.

பிவிசி உறை 70 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது. சுற்றிலும் 30 என்றால், கரண்டால் வயர் சூடேற 40 பாகை இடம் இருக்கிறது. சுற்றிலும் 50 என்றால் மிச்சம் 20தான். சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடுவதால், இடம் பாதியானாலும் கரண்ட் பாதியாகாது; 0.71 மடங்காகும். 35 பாகைக்கு 0.94, 40க்கு 0.87, 45க்கு 0.79 என்று அட்டவணையே இருக்கிறது.

சரி, உங்கள் வயருக்குப் போட்டுப் பார்ப்போம். 24ஐ 0.71ஆல் பெருக்கினால் 17. ஒரே பைப்பில் இரண்டு லைன் என்பதால் இன்னும் 0.8ஆல் பெருக்க வேண்டும், 13.6 ஆம்பியர்தான் வருகிறது. எம்.சி.பி.யோ 20! வயர் அளவுக்கு மீறிக் கொதித்தாலும் அது பேசாமல் இருக்கக்கூடும். மதியத்தில் அது விழுவதற்கு, அதுவும் 30 பாகைக்கென்று அளவிடப்பட்டது என்பதும் ஒரு காரணமாகலாம். பெட்டி சூடானால் முன்கூட்டியே விழும். அதற்காக 32 ஆம்பியர் போடச் சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். வீடு எரிவது இப்படித்தான்.

ஒவ்வொரு ஏசிக்கும் தனி லைன், தனி பைப், 16 ஆம்பியர் எம்.சி.பி. கொடுங்கள். 2.5 வயரே அப்போது போதும். என்னைக் கேட்டால், பைப்பைச் சீலிங்குக்குக் கீழே சுவரோடு கொண்டுவாருங்கள். பார்வைக்கு அவ்வளவு அழகில்லைதான், ஆனால் அறைக் காற்று 35 பாகை என்றால் அதே வயர் 22 ஆம்பியருக்கு மேல் தாங்கும். மேலேயே, ஒரே பைப்பில்தான் போக வேண்டுமென்றால், 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 4 சதுர மில்லிமீற்றர்கூடப் போதாது, 6 வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஒரு வெப்பமானியைச் சீலிங்குக்கு மேலே வைத்து, மதியம் இரண்டு மணிக்குப் பாருங்கள். 50ஐத் தாண்டினால் மேலே போட்ட கணக்கும் போதாது. அப்புறம், மெயினை நிறுத்திவிட்டு, பழைய வயரின் நுனியை வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உறை வெடித்தால் அதை மறுபடி பாவிக்க வேண்டாம்.